வீட்டுக் கணக்கும் கணினியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வீட்டுக் கணினியில் வரவு செலவுக் கணக்கு எழுதுவது குறித்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை குனுகேஷ் (GnuCash) என்ற கணக்கு மென்பொருளைப் பற்றியவை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும் இந்தக் கட்டற்ற மென்பொருளையே நானும் பயன்படுத்துவதால், பதில்களை அதை வைத்தே எழுதியிருக்கிறேன். கேமைமணி (KMyMoney) என்ற இதுபோன்ற இன்னொரு மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

கேள்வி: ஏடிஎம்மில் பணம் எடுத்ததைச் செலவாகப் பதிகிறேன், அந்தப் பணத்தில் காய்கறி வாங்கியதையும் செலவாகப் பதிகிறேன். மாத இறுதியில் செலவு வருமானத்தை மிஞ்சி நிற்கிறது. மென்பொருளில் பிழையா? (வேலூர் வாசகி)

மென்பொருளில் பிழை இல்லை. ஒரே பணத்தை இரண்டு முறை செலவழித்ததாக எழுதியிருக்கிறீர்கள். குனுகேஷ் இரட்டைப் பதிவு முறையில் இயங்குவது. அதில் ஒவ்வொரு பதிவும் "எங்கிருந்து, எங்கே" என்ற இரண்டு வினாக்களுக்கும் விடை கேட்கும். ஏடிஎம்மில் 5,000 ரூபாய் எடுத்தால் அது வங்கிக் கணக்கிலிருந்து "கையிருப்பு" என்ற கணக்குக்குப் போகிறது. உங்கள் சொத்து ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அதிலிருந்து 340 ரூபாய்க்குக் காய்கறி வாங்கும்போதுதான் கையிருப்பிலிருந்து "காய்கறி" என்ற செலவுக் கணக்குக்குப் பணம் நகர்கிறது. கடன் அட்டையிலும் இதே தவறு நடக்கும். அட்டையைத் தேய்த்த நாளிலேயே செலவு நடந்துவிடுகிறது, அட்டைக் கணக்கில் கடன் ஏறுகிறது. அடுத்த மாதம் அட்டைக்குப் பணம் கட்டுவது கடனை அடைப்பதே தவிர, புதிய செலவு அன்று.

தேநீர்க்கடைச் சில்லறை வரை எழுத வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை. வாரம் ஒரு முறை பணப்பையை எண்ணுங்கள். ஏட்டில் உள்ள கையிருப்புக்கும் பையில் உள்ளதற்கும் வரும் வேறுபாட்டைச் "சில்லறைச் செலவு" என்று ஒரே பதிவாக எழுதிவிடுங்கள். ஒவ்வொரு ரூபாயையும் துரத்தத் தொடங்கியவர்களில் பலர் மூன்றாம் மாதம் கணக்கு எழுதுவதையே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எக்செல் போதாதா? (திண்டுக்கல் வாசகர்)

ஒரு வங்கிக் கணக்கும் மாதச் சம்பளமும் மட்டும் இருந்தால் போதும். கடன், அட்டை, வைப்பு நிதி, மியூச்சுவல் ஃபண்டு என்று கிளைகள் கூடும்போது விரிதாளில் ஒரு வரியை அழித்தாலும் அது எச்சரிக்காது. இரட்டைப் பதிவு ஏட்டிலோ இருப்பு பிசகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: வீட்டுக் கடன் தவணை முழுவதையும் செலவாக எழுதலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

கூடாது. 20 லட்ச ரூபாய்க் கடன், ஆண்டுக்கு 9 சதவீத வட்டி, 20 ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறக்குறைய 17,995 ரூபாய். முதல் மாதத்தில் அதில் 15,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 2,995 ரூபாய் மட்டுமே. வட்டி என்பது செலவு, அசல் என்பது கடன் குறைப்பு. ஒரே பதிவைப் பல பிரிவுகளாகப் பிரித்து எழுதும் வசதி குனுகேஷில் இருப்பதால், வங்கியிலிருந்து போன 17,995 ரூபாயை "வீட்டுக் கடன் வட்டி", "வீட்டுக் கடன்" என்ற இரண்டு கணக்குகளுக்கும் பிரித்துவிடலாம்.

கடன் தவணைகளை முன்கூட்டியே கணக்கிட்டு மாதந்தோறும் தானே பதியும் உதவியும் மென்பொருளில் உண்டு. ஆனால் அதை முழுமையாக நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாக வழங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி விகிதம்) போன்ற வெளி அளவுகோலோடு பிணைக்கப்பட்டிருப்பதால் வட்டி இடையிடையே மாறும். அப்போது மென்பொருள் போட்ட பிரிப்பும் வங்கியின் பிரிப்பும் விலகத் தொடங்கும். ஆண்டு இறுதியில் வங்கி தரும் வட்டிச் சான்றிதழைப் பார்த்து, கடன் கணக்கின் இருப்பை ஒரு திருத்தப் பதிவால் சரிசெய்துகொள்ளுங்கள். இதற்கு வசதியாக, விருப்பத்தேர்வுகளில் கணக்குக் காலத்தை ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்று மாற்றிவைப்பதும் நல்லது.

கேள்வி: ஏலச்சீட்டையும் நகையையும் எந்த இடத்தில் எழுதுவது? வெளிநாட்டு மென்பொருளில் இவற்றுக்கு இடமே இல்லையே! (மதுரை வாசகி)

அவற்றின் பெயரில் இடம் இல்லை. ஆனாலும் வழி இருக்கிறது. இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனெனில் நம் வீடுகளில் சேமிப்பின் பெரும்பகுதி இந்த இரண்டிலும்தான் கிடக்கிறது.

முதலில் சீட்டு. ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 பேர், 20 மாதம், மாதம் 5,000 ரூபாய் என்று கொள்வோம். ஒரு மாத ஏலத்தில் ஒருவர் 20,000 ரூபாய் தள்ளி, அதாவது அவ்வளவையும் விட்டுக்கொடுத்து, சீட்டை எடுக்கிறார். சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000 போக, மீதி 15,000 ரூபாய் 20 பேருக்கும் தலைக்கு 750 ரூபாயாகக் கழிகிறது. நீங்கள் கட்டுவது 4,250 ரூபாய். இதை 4,250 என்று மட்டும் எழுதாதீர்கள். "சீட்டு" என்ற சொத்துக் கணக்கில் 5,000 ரூபாய் ஏற்றுங்கள். அதற்கு எதிராக வங்கியிலிருந்து 4,250, "சீட்டுக் கழிவு" என்ற வருமானக் கணக்கிலிருந்து 750 என்று பிரியுங்கள்.

எட்டாம் மாதத் தவணையைக் கட்டிய பிறகு நீங்களே 15,000 தள்ளிச் சீட்டை எடுக்கிறீர்கள் என்றால், வங்கியில் 85,000 வரவு, "சீட்டுத் தள்ளு" என்ற செலவில் 15,000, சீட்டுக் கணக்கிலிருந்து 1,00,000 பற்று. அதுவரை கட்டிய 40,000 போக, சீட்டுக் கணக்கு இப்போது 60,000 ரூபாய் குறைவில் நிற்கும். அந்தக் குறைதான் மீதமுள்ள 12 மாதங்களுக்கு நீங்கள் கட்ட வேண்டிய கடன். கடைசித் தவணையில் கணக்கு சுழியத்துக்கு வந்து நிற்கும். கழிவாக வந்த மொத்தத்தையும் தள்ளிய 15,000 ரூபாயையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அந்தச் சீட்டில் கிடைத்தது லாபமா, கொடுத்தது வட்டியா என்பது தெரிந்துவிடும். இப்படி எழுதிப் பார்த்த பிறகு சீட்டை விட்டவர்களும் உண்டு, கூடுதலாகச் சேர்ந்தவர்களும் உண்டு. (1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தில் 5 சதவீதமாக இருந்த கமிஷன் உச்சவரம்பு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 7 சதவீதமானது. உங்கள் சீட்டில் எவ்வளவு என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

நகைக்கு வருவோம். குனுகேஷில் பங்கு, மியூச்சுவல் ஃபண்டு ஆகியவற்றை அலகுக் கணக்கில் வைப்பது போலவே, "தங்கம் 22 காரட்" என்று ஒரு பொருளை நீங்களே உருவாக்கி, கிராமை அலகாகக் கொள்ளலாம். ரசீதில் எடை மில்லிகிராம் வரை வருவதால், சிறு பின்னத்தை, அதாவது பதியக்கூடிய மிகச் சிறிய அளவை, ஆயிரத்தில் ஒன்று என்று அமையுங்கள். இரண்டு பவுன், அதாவது 16 கிராம், கிராம் 9,000 ரூபாய் விலையில் வாங்குவதாக ஓர் எடுத்துக்காட்டு: தங்கத்தின் விலை 1,44,000, செய்கூலியும் சேதாரமும் சேர்த்து 15 சதவீதம் என்றால் 21,600, மொத்தத்தின் மீது 3 சதவீத ஜிஎஸ்டி 4,968, ஆக 1,70,568 ரூபாய். இதில் சொத்தாக ஏற வேண்டியது 1,44,000 மட்டுமே. மீதி 26,568 ரூபாய் கடையிலேயே கரைந்துவிட்ட செலவு, விற்கும்போது திரும்பாது. விலையைத் தினமும் மாற்ற வேண்டியதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை விலைப் பட்டியலில் புதுப்பித்தால் போதும். தாலியையும் குழந்தையின் அரைஞாணையும் நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. விற்பதாக எண்ணமே இல்லாத பொருளைச் சொத்து மதிப்பில் காட்டி மகிழ்வதில் பயன் இல்லை.

கேள்வி: வங்கி இணையதளத்திலிருந்து இறக்கிய பட்டியலை நேரடியாக ஏற்ற முடியுமா? ஏற்றினால் சில பதிவுகள் இரண்டு முறை வருகின்றன. (சேலம் வாசகர்)

சிஎஸ்வி (CSV, காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட எளிய பட்டியல்) கோப்பாக இறக்கி ஏற்றலாம். தொடக்கத்தில் உங்கள் பெயரும் முகவரியும் உள்ள வரிகளைத் தவிர்க்கச் சொல்லுங்கள். தேதி அமைப்பை நாள்-மாதம்-ஆண்டு என்று தேர்ந்தெடுங்கள். இதைக் கவனிக்காவிட்டால் மே 3ஆம் தேதிச் செலவு மார்ச் 5இல் போய் உட்காரும். ஒரு முறை செய்த அமைப்பைச் சேமித்துவைத்தால் அடுத்த மாதம் மீண்டும் செய்ய வேண்டாம். முன்பு நீங்கள் எந்தச் செலவை எந்தக் கணக்கில் போட்டீர்கள் என்பதை வைத்து மென்பொருள் நாளடைவில் தானே ஊகிக்கவும் கற்றுக்கொள்ளும்.

இரட்டிப்புக்குக் காரணம், ஓஎஃப்எக்ஸ் (OFX) என்ற வங்கிப் பரிமாற்றக் கோப்பு வடிவில் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி அடையாள எண் இருப்பதுபோல் சிஎஸ்வியில் இல்லாததுதான். தேதி, தொகை போன்றவற்றைப் பார்த்தே மென்பொருள் பொருத்திப் பார்க்கிறது. சென்ற மாதம் ஏற்றிய கடைசித் தேதிக்கு மறுநாளிலிருந்து இறக்குங்கள். ஏற்றிய பிறகு சரிகட்டும் (Reconcile) சாளரத்தைத் திறந்து, வங்கிப் பட்டியலின் இறுதி இருப்பை இட்டு, வேறுபாடு சுழியமாகும் வரை பதிவுகளை ஒவ்வொன்றாகக் குறியிடுங்கள். வணிகவியல் படித்தவர்கள் இதை வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று அறிவார்கள். இதைச் செய்யாத கணக்கு எவ்வளவு அழகான வரைபடம் காட்டினாலும் நான் நம்புவதில்லை. எந்த மென்பொருள் கேட்டாலும் இணைய வங்கிக் கடவுச்சொல்லைத் தராதீர்கள்.

கேள்வி: மைக்ரோசாஃப்ட் மணி என்ற பழைய கணக்கு மென்பொருளில் பல ஆண்டுக் கணக்கு இருக்கிறது. புதிய மென்பொருளுக்கு மாற்றலாமா? (சென்னை வாசகர்)

அதன் விற்பனை 2009 ஜூன் 30உடன் நின்றது; 2010இல் இலவசமாக வெளியிடப்பட்ட இறுதிப் பதிப்பைக் கொண்டு பழைய கோப்புகளைத் திறக்க முயலலாம். ஒவ்வொரு கணக்கையும் க்யூஐஎஃப் (QIF) என்ற கோப்பு வடிவில் ஏற்றுமதி செய்து, எல்லாக் கோப்புகளையும் குனுகேஷில் ஒரே தடவையில் கொடுங்கள். தனித்தனியே கொடுத்தால் கணக்குகளுக்கிடையேயான பரிமாற்றங்கள் இரட்டிக்கும். பழைய விவரங்களை அடிக்கடி தேடும் தேவை இல்லையென்றால், அவற்றை அச்சிட்டு வைத்துவிட்டு, ஏப்ரல் 1ஆம் தேதி தொடக்க இருப்புகளோடு புதிய ஏட்டைத் தொடங்குவதே சுலபம்.

கேள்வி: கோப்புக்குக் கடவுச்சொல் போடுவது எப்படி? (திருச்சி வாசகர்)

குனுகேஷில் அந்த வசதி இல்லை. அதன் இயல்பான கோப்பு சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல் (XML), அதாவது விரித்தால் படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பு. கோப்பு கையில் கிடைத்த எவரும் படித்துவிடலாம். எனவே வெராகிரிப்ட் (VeraCrypt) போன்ற இலவசக் கருவியால், கடவுச்சொல் இல்லாமல் திறக்க முடியாத மறையாக்கப் பெட்டகம் ஒன்றை உருவாக்கி, கோப்பை அதற்குள் வையுங்கள்.

ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் தேதியிட்ட நகல் ஒன்றை மென்பொருள் அதே கோப்புறையில் வைத்து, இயல்பாக 30 நாள் வரை காக்கிறது. வட்டு பழுதானால் மூலமும் நகலும் சேர்ந்தே போய்விடும் என்பதால், பெட்டகத்தின் பிரதியொன்றை மாதந்தோறும் வெளி வட்டில் எடுத்து வேறு அறையிலாவது வையுங்கள். பெட்டகத்தின் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, உங்கள் மனைவியிடமோ வளர்ந்த பிள்ளையிடமோ இப்போதே கொடுத்துவிடுங்கள். எந்த வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்பது அந்தப் பெட்டகத்துக்குள் மட்டுமே இருந்தால், அவசர நாளில் அவர்களுக்கு அது பூட்டிய பெட்டி.