மறு: தூரத்து மலை முன்னால் வந்து நிற்கிறது

வணக்கம். பழைய இயற்கைக்காட்சி ஓவியர் கிளாட் லொரேன் பாணியில் எண்ணெய் வண்ணத்தில் வரைகிறேன், தூரத்து மலைக்கு நல்ல நீலம் கொடுத்தும் மரங்களைத் தாண்டி முன்னால் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். சிக்கலே அந்த "நல்ல" நீலம்தான். டியூபிலிருந்து எடுத்த அல்ட்ராமரைன் பளிச்சென்று நின்றால் கண் முதலில் அங்கேதான் போகும்.

நடுவிலிருக்கும் காற்று வெளிச்சத்தைச் சிதறடிப்பதால், மலையின் இருண்ட பகுதிகள்தான் முதலில் வெளிறி நீலமாகின்றன. கண்ணைச் சுருக்கிக்கொண்டு மலையின் நிழலையும் முன்மரத்தின் நிழலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே அடர்த்தி என்றால் எவ்வளவு நீலம் போட்டாலும் பிரயோஜனமில்லை.

தொடுவானத்தை ஒட்டிப் பூசிய வானக் கலவையையே எடுங்கள். அதில் கொஞ்சம் அல்ட்ராமரைன், தூரிகை நுனியளவு பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு). மலையைப் பூசி, ஈரம் காயுமுன் உலர்ந்த மென்தூரிகையால் விளிம்பை லேசாகக் கலைத்துவிடுங்கள். முன்னால் வர வர வானக் கலவையைக் குறையுங்கள். இலை, கிளை நுணுக்கமெல்லாம் தூரத்தில் வேண்டாம்.

லொரேன் ஓரத்தில் கரும்பச்சை மரத்தை நிறுத்துவது சும்மா அலங்காரத்துக்கு இல்லை. அந்த இருட்டுதான் பின்னணியைத் தள்ளுகிறது. உங்கள் மரம் அதற்கு ரொம்ப வெளிறல் என்று சந்தேகம். படத்தைக் கருப்பு வெள்ளையில் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.