ரேட்டிங் 70 சதவீதம்: வீட்டு வரி முழுவதும் போகுமா?

கேள்வி: டெக்சாஸ் கில்லீனில் சொந்த வீட்டில் இருக்கிறோம். என் கணவர் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். பாதிப்பு எவ்வளவு என்று குறிக்கும் ரேட்டிங்கில், பி.டி.எஸ்.டி. என்ற மன அதிர்ச்சி நோய்க்கு 50, முதுகுக்கு 40 என்று கொடுத்துவிட்டு, மொத்தம் 70 சதவீதம் என்கிறது வி.ஏ. (முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை). இந்தப் பாதிப்புகளால் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. எங்களுக்கு வீட்டு வரி முழுவதும் தள்ளுபடி ஆகுமா?

பதில்: 70 என்ற எண்ணை வைத்து மட்டும் ஆகாது, சகோதரி. ஆனால் உங்களுக்கு இன்னொரு வழி திறந்திருக்கிறது.

முதலில் அந்தக் கணக்கு. வி.ஏ. ரேட்டிங்கை நேராகக் கூட்டாது. 100-ல் 50 போனால் மீதி 50. அதில் 40 சதவீதம் 20. ஆக 70. இந்த ரேட்டிங்குக்கு டெக்சாஸில் வீட்டு மதிப்பில் 12,000 டாலர் கழிப்பார்கள். கழிவது மதிப்பில்தான், வரியில் அல்ல. வரி விகிதம் 2 சதவீதம் என்றால் வருடத்துக்கு 240 டாலர்தான் மிச்சம். அதையும் விடாதீர்கள். வீட்டு மதிப்பை நிர்ணயிக்கும் பெல் கவுண்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டில் 50-135 படிவம் கொடுங்கள். ஏப்ரல் 30 தாண்டிவிட்டாலும் பரவாயில்லை, பழைய வருடங்களுக்கும் 5 வருடம் வரை தாமதமாகக் கேட்க இடமுண்டு.

சொந்த வீட்டில் குடியிருக்கும் எல்லோருக்கும் உள்ள ஹோம்ஸ்டெட் விலக்கு இதிலிருந்து தனி. பள்ளி வரிக்கு மட்டும் 2025 முதல் 1,40,000 டாலர் மதிப்பு கழிகிறது. வாங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். முழு விலக்குக்கு ரேட்டிங் 100 ஆக இருக்க வேண்டும், அல்லது ‘ஐ.யு.’ கிடைத்திருக்க வேண்டும். பணியால் வந்த பாதிப்பினால் நிலையான வேலை பார்க்க முடியாதவருக்கு, ரேட்டிங் 70 ஆகவே இருந்தாலும் 100 சதவீதத் தொகை தருவதுதான் ஐ.யு. மொத்தம் 70-ம், ஏதாவது ஒரு பாதிப்பு 40-ம் இருந்தால் கேட்கலாம். உங்கள் கணவருக்கு இரண்டும் இருக்கின்றன. இதைக் கேட்காமலே எத்தனையோ குடும்பங்கள் வருடா வருடம் ஆயிரக்கணக்கில் வரி கட்டுவதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை.

வி.ஏ.வுக்கு 21-8940 படிவம் போக வேண்டும், கூடவே ஏன் வேலை செய்ய முடியவில்லை என்று விளக்கும் மருத்துவர் கடிதமும். கவுண்டி வெட்டரன்ஸ் சர்வீஸ் அலுவலகத்தில் இலவசமாகவே நிரப்பித் தருவார்கள். காசு கேட்டு வரும் ஏஜென்டுகள் பக்கம் போகாதீர்கள். ஐ.யு. கிடைத்த பிறகு வி.ஏ.வின் பெனிஃபிட் கடிதத்தில், வேலை செய்ய இயலாததால் 100 சதவீத விகிதத்தில் தொகை தரப்படுகிறதா என்ற வரிக்கு நேரே ‘யெஸ்’ என்று இருக்கும். அந்தக் கடிதத்தோடு 50-114 படிவத்தை அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டில் கொடுங்கள்.

அதுவரை வரி கட்டவே முடியாத நிலை வந்தால், தள்ளிப்போடச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வருடம் 5 சதவீத வட்டி ஏறும், வீட்டின் மேல் கடனாக நிற்கும். வேறு வழியே இல்லையென்றால் மட்டும் அதைத் தொடுங்கள்.

அப்புறம், முழு விலக்கு பெற்ற பிறகு கணவருக்கு ஏதாவது ஆனாலும், நீங்கள் அதே வீட்டில் இருந்து மறுமணம் செய்யாதவரை அது உங்களுக்குத் தொடரும். வீட்டுக் கடன் தவணையோடு சேர்த்து எஸ்க்ரோ என்ற கணக்கில் வரி பிடிக்கிறார்கள் என்றால், விலக்கு உத்தரவு வந்ததும் கடன் நிறுவனத்துக்கு ஒரு நகல் அனுப்பி, மாதத் தவணையைத் திரும்பக் கணக்கிடச் சொல்லுங்கள்.