கடையில் ஜொலித்த ஏழு கல் வைரத் தோடு வீட்டில் மங்கலா? கடைக்காரர் கல்லை மாற்றிவிட்டாரோ என்று சந்தேகமா?

கல்லை மாற்றியிருக்க வாய்ப்பு குறைவு. மாறியது வெளிச்சம்தான். கடைகளில் கூரையிலிருந்து சின்னச் சின்ன ஸ்பாட் லைட் அடிக்கும். கல்லில் வெட்டிய ஒவ்வொரு பட்டையும் ஒரு புள்ளி வெளிச்சத்தைப் பிடித்துத் திருப்பி வீசும். வீட்டு ட்யூப்லைட் பரந்த வெளிச்சம், அதில் பளிச்சென்ற பொறி வராது. ட்யூப்லைட்டை அணைத்து, ஒரு கை தூரத்தில் மொபைல் டார்ச்சைப் பிடித்துத் தோட்டை அசைத்துப் பாருங்கள்.

அப்போதும் மங்கல் என்றால் நான் சந்தேகப்படுவது எண்ணெயை. மாதக்கணக்கில் கழற்றாமலே போட்டிருந்தால் அதுதான் காரணமாக இருக்கும். வைரம் எண்ணெயை இழுத்துக்கொள்ளும் கல். தலை எண்ணெயும் சோப்பும் கல்லின் அடியில் படிந்தால், மேலே திரும்ப வேண்டிய வெளிச்சம் கீழே கசிந்துவிடும். என் அத்தையின் பேசரி மூக்குத்தியைக் கழுவியபோது வந்த அழுக்கைப் பார்த்து அவரே முகம் சுளித்தார்!

ஓபன் செட்டிங், அதாவது கல்லின் பின்பக்கம் திறந்திருக்கிறது என்றால் வெதுவெதுப்பான நீர், இரண்டு சொட்டு பாத்திர லிக்விட், மெத்தென்ற பிரஷ், பின்பக்கம் தேயுங்கள். கல்லின் பின்பக்கத்தை மூடிப் பதித்த தோடு என்றால் ஊற வைக்கவே வேண்டாம், உள்ளே நீர் புகுந்தால் இன்னும் மோசம். ஆசாரியிடம் கொடுங்கள்.

கழுவியும் நடுவில் மட்டும் இருட்டாக இருந்தால் வெட்டு சரியில்லை. கல்லின் அடிப்பக்கப் பட்டைகளின் சாய்வு சுமார் 41 டிகிரி இருக்க வேண்டும். ஆழம் கூடினால் நடு கறுக்கும். அதற்குக் கழுவல் உதவாது.

அப்புறம், மின்னுவதை வைத்து அசல், போலி என்று முடிவு கட்டாதீர்கள். வைரம் போலவே தெரியும் மாய்சனைட் என்ற வேறு கல், வைரத்தைவிட அதிகமாகவே வானவில் அடிக்கும்.