இன்ட்ரோவர்ட்னு வந்துட்டா ரெப் வேலைக்கு போவக்கூடாதா?

அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. பி.ஃபார்ம் முடிச்சிட்டு அப்பாவோட பலசரக்கு கடையில நிக்காராம். இப்போ மெடிக்கல் ரெப் வேலைக்கு கூப்பிட்டிருக்காவ, ஆனா நெட்ல ஆளுங்க குணத்த 16 வகையா பிரிக்க 16 டைப் பெர்சனாலிட்டி டெஸ்ட் எடுத்தா இன்ட்ரோவர்ட்னு (ஒதுங்கி இருக்க ஆளு) வந்துச்சு, ரெண்டு மாசம் கழிச்சு எடுத்தா எக்ஸ்ட்ரோவர்ட்னு (கலகலப்பான ஆளு) வருது. "எது நெசம் அண்ணாச்சி, வேலைக்கு போவவா வேண்டாமா?"

தம்பி, நீங்க மாறல, கோடு போட்ட எடம்தான் தப்பு. இந்த குணம் எல்லாம் வெயிட்டு மாதிரி, கொஞ்சம் கூட இருக்கும் கொஞ்சம் கொறைய இருக்கும், முக்காவாசி பேரு நடுவுலதான் நிப்பாவ. டெஸ்ட் என்ன செய்யுதுன்னா சரியா நடுவுல ஒரு கோட்ட போட்டு 49 வந்தா அந்தப் பக்கம், 51 வந்தா இந்தப் பக்கம்னு தள்ளிருது. உங்க கடையில 490 கிராம் சீனியையும் 510 கிராம் சீனியையும் வேற வேற சரக்குன்னு யாராவது விப்பாவளா?

சுவிட்சர்லாந்து மனநல டாக்டர் யுங் 1921ல எழுதுன ஒரு புஸ்தகத்த வச்சு, அமெரிக்காவுல கேத்தரின் பிரிக்ஸும் அவங்க மக இசபெல் மையர்ஸும் உண்டாக்கினதுதான் இந்த 16 டைப். ரெண்டு பேருமே சைக்காலஜி படிச்சவங்க இல்ல (மக துப்பறியும் நாவல்கூட எழுதியிருக்காங்க). அத ஆள் எடுக்கதுக்கு யூஸ் பண்ணக்கூடாதுன்னு அந்த டெஸ்ட நடத்துறவங்களே சொல்லுதாவ.

"ஆனா ரிசல்ட் அப்படியே என்னயத்தான் சொல்லுது"ன்னும் எழுதியிருக்கீய. 1948ல ஃபோரர்னு ஒரு வாத்தியார் 39 பசங்களுக்கு டெஸ்ட் வச்சு, எல்லாருக்கும் ஒரே ரிசல்ட்ட குடுத்தாரு, அதுவும் ஜோசிய புஸ்தகத்துல இருந்து எடுத்த வரிங்க. தனக்கு எவ்வளவு பொருந்துதுன்னு பசங்க போட்ட மார்க் சராசரி 5க்கு 4க்கு மேல! கிளி எடுக்க சீட்டும் அப்படித்தான்.

ஆராய்ச்சி பண்றவங்க இப்போ பெரும்பாலும் பாக்குதது பிக் ஃபைவ். புதுசுல ஆர்வம், ஒழுங்கா வேலைய முடிக்கது, கலகலப்பு, அனுசரிப்பு, பதட்டம்னு அஞ்சு அளவு, டைப்பே கெடையாது. எந்த வேலையா இருந்தாலும் கை குடுக்கது அந்த ரெண்டாவது, ஒழுங்கா முடிக்கதுதான். விக்க வேலையில கலகலப்பானவன்தான் ஜெயிப்பான்னு நெனப்போம், 2013ல ஆடம் கிராண்ட்னு ஒரு அமெரிக்க சைக்காலஜி ஆராய்ச்சியாளர் போன்ல விக்க 340 கால் சென்டர் ஆளுங்கள பாத்தா அதிகமா வித்தது நடுவுல நிக்கவங்க. உங்கள மாதிரி ஆளு!

"கடையில ஆளு வந்தா நல்லா பேசுவேன், கல்யாண வீட்டுல மூலையிலதான் நிப்பேன்"னு எழுதியிருக்கீயல்லா, எனக்கு அந்த ஒரு வரி போதும். பேச ஒரு விசயம் கையில இருந்தா பேசுதீய, சும்மா பேசத்தான் வரல. ரெப்புக்கு மருந்துன்னு விசயம் இருக்கு. டாக்டரு குடுக்கது ரெண்டு நிமிசம், அதுக்கு கிளினிக் வாசல்ல ஒரு மணி நேரம் உக்காரணும், ராத்திரி ரிப்போர்ட் போடணும். அந்த காத்திருப்பு ஒத்து வருமான்னுதான் பாக்கணும். தெரிஞ்ச ரெப்பு யாராவது இருந்தா ரெண்டு நாள் பைக்குல கூடவே போயிட்டு வாங்க.

அப்புறம் ஏரியா எது, டார்கெட் எவ்வளவு, பெட்ரோலுக்கு தனியா தருவாவளான்னு கேட்டு வாங்கிக்கோங்க, பாபநாசத்துல இருந்து வள்ளியூர் வரைக்கும் தந்துட்டு கையில இருந்து போடச் சொன்னா எந்த டைப்பா இருந்தாலும் தாங்காது.