துருவப் பக்கத்துக் கடலின் மிதவை உயிரிகளில் மட்டும் கார்பன் 13 ஏன் இவ்வளவு குறைவு?

நான் கடல் ஆய்வாளன் இல்லை. மலேசியாவில் பஹாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், இப்போது படிவம் ஆறு பிள்ளைகளுக்கு வேதியியல் டியூசன் எடுக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டதும் அப்பா ஞாபகம்தான் வந்தது.

அப்பா செம்பனைப் பழம் வாங்கும் மையத்தில், ராம்ப் என்போம், தரம் பார்ப்பவர். பழம் கொட்டும் மாதங்களில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். கையில் இருக்கும் கொக்கியால் குலையைப் புரட்டுவார், காயாக இருந்தால் பேச்சே இல்லை, ஓரமாகத் தள்ளிவிடுவார். வரத்து குறைந்த மாதங்களில் அதே மனிதர் அரைக்காயையும் தராசில் ஏற்றுவார்.

மிதவைத் தாவரத்துக்குள் கரிவளியை (கார்பன் டை ஆக்சைடு) பிடித்துக்கொடுக்கும் ரூபிஸ்கோ என்ற நொதியும் அப்படித்தான். கார்பனில் சுமார் 99 சதவீதம் 12, மீதி கொஞ்சம் கனமான 13. ரூபிஸ்கோவுக்கு 12 மீதுதான் ஆசை. கரைந்த கரிவளி தாராளமாகக் கிடைத்தால் 12-ஐப் பொறுக்கி எடுக்கும், 13 செல்லைவிட்டு வெளியே போய்விடும். தட்டுப்பாடு என்றால் உள்ளே வந்ததெல்லாம் செலவாகிவிடும்.

சரி, துருவம் ஏன்? சூடான சோடாவில் கேஸ் நிற்காது, ஜில்லென்று இருந்தால் நிற்கும். குளிர்ந்த கடலில் கரைந்த கரிவளி அதிகம். அதனால் வெப்பக் கடல்களில் சுமார் மைனஸ் 20 என்று வரும் அளவு, அண்டார்டிகா பக்கம் மைனஸ் 30 வரை இறங்குகிறது. (ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் சுண்ணாம்புப் படிவத்தைவிட 13-இன் விகிதம் ஆயிரத்துக்கு இத்தனை பங்கு குறைவு என்று அர்த்தம்.) 1989இல் ராவ், தாகாஹாஷி, டெஸ் மரே மூவரும் நேச்சர் இதழில் இந்தத் தொடர்பை எழுதினார்கள்.

பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கடலில் கார்பனுக்குப் பஞ்சமே இல்லையே என்பார்கள். இல்லைதான், ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு பைகார்பனேட். கரிவளியாகவே கரைந்திருப்பது ஒரு சதவீதம் அளவுதான். தட்டுப்பாடு அங்கேதான்.

இந்த 13 அளவை வைத்துப் பழங்காலக் கரிவளியைக் கணக்கிடுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம் உண்டு. வேகமாக வளரும் செல்லும் பெரிய செல்லும் கரிவளியைச் சீக்கிரம் தீர்த்துவிடும், அப்போது பொறுக்குவது குறையும். சில இனங்கள் பைகார்பனேட்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்பாவும் அப்படித்தான், வரத்து நிறைய இருந்தாலும் முதலாளி அவசரப்படுத்தினால் காயை ஏற்றிவிடுவார்.