20 மாடுகள் உள்ள கொட்டகையின் கழிவுநீரை எப்படிச் சுத்திகரிப்பது? பயோகேஸ் கலன் கட்டினால் மட்டும் போதுமா?

போதாது. நானும் போதும் என்று நம்பித்தான் கலன் கட்டினேன். அதில் பட்ட பாட்டைச் சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் பணமும் சில மீன்களும் மிச்சமாகும்.

எங்களிடமும் 20 மாடுகள்தான். சிறிய ரகம் என்பதால் மாட்டுக்கு நாளைக்கு 15 கிலோ சாணம் என்று கணக்கு வைத்தோம். 300 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர், ஆக 600 லிட்டர். 40 நாள் உள்ளே தங்கி நொதிக்க வேண்டுமே, அதனால் 24,000 லிட்டர் கலன். காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆறே மாதத்தில் அடுப்பில் சுடர் சுருங்கி, விட்டு விட்டு எரிய ஆரம்பித்தது. கலனிலிருந்து வெளியே வந்த கூழில் பச்சைச் சாண வாடை அப்படியே அடித்தது.

ஒரு நாள் கொட்டகை கழுவும் ஹோஸ் பைப்புக்குக் கீழே 15 லிட்டர் வாளியை வைத்து, கைப்பேசியில் நேரம் பார்த்தேன். 30 விநாடியில் வாளி நிரம்பி வழிந்தது. நிமிடத்துக்கு 30 லிட்டர். காலையில் 40 நிமிடம், மாலையில் 40 நிமிடம் கழுவுகிறோம். போடுங்கள் கணக்கை: 2,400 லிட்டர்! அத்தனையும் சாணத்தை அடித்துக்கொண்டு நேராகக் கலனுக்குள்தான் போயிருக்கிறது. 24,000 லிட்டர் கலனுக்குள் தினமும் 2,700 லிட்டர் நுழைந்தால், எதுவும் 9 நாளுக்கு மேல் உள்ளே தங்காது. மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் நிதானமாகப் பெருகுபவை. இரட்டிப்பாகவே சில நாள் பிடிக்கும். அவை வளர்வதற்குள் நாங்களே கழுவி வெளியே தள்ளிக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து முதலில் மண்வெட்டி, அப்புறம் ரப்பர் கட்டை, கடைசியில்தான் தண்ணீர். சாணத்தை வழித்து எடுத்துவிட்டால் தளம் 15 நிமிடத்தில் சுத்தமாகிவிடுகிறது. 2,400 லிட்டர் 900 ஆயிற்று. அதில் 300 லிட்டர் சாணம் கரைக்கப் போக, மீதி தனித் தொட்டிக்குப் போகிறது. சுத்திகரிப்பு என்றதும் எல்லோரும் எந்திரத்தைத் தேடுகிறார்கள். எனக்குத் தெரிந்து இந்த ரப்பர் கட்டைக்கு ஈடான எந்திரம் இல்லை.

கூரைத் தண்ணீரும் இதே கதைதான். 200 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர். தாழ்வாரத்தில் தகரக் குழாய் மாட்டி அதை வேறு பக்கம் திருப்பாவிட்டால், ஒரே மழையில் உங்கள் தொட்டிகள் எல்லாம் பொங்கிவிடும். கழிவைத் தேக்கி வைக்கும் சேமிப்புக் குட்டை என்பது பாதுகாப்பான இடம் என்று நினைக்க வேண்டாம். 1995இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பன்றிப் பண்ணையின் கழிவுக் குட்டை கரை உடைந்து சுமார் 2.5 கோடி கேலன் கழிவு ஆற்றில் கலந்தது. கரையில் விளிம்புக்குக் கீழே அரை மீட்டராவது எப்போதும் காலியாக இருக்கட்டும்.

இன்னொன்று, வீணான பாலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கழிவுநீரின் சுமையை அளக்க பி.ஓ.டி. என்பார்கள், அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கும் என்ற கணக்கு. வீட்டுச் சாக்கடை நீரில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் வாக்கில் இருக்கும். மாட்டுச் சாணக் கூழில் 10,000க்கு மேல். பாலிலோ ஒரு லட்சத்தைத் தாண்டும். வெள்ளைவெளேர் என்று இருப்பதுதான் இருப்பதிலேயே அழுக்கு!

சரி, பயோகேஸ் விஷயத்துக்கு வருகிறேன். கலன் கரிமப் பொருளைத் தின்று வாயுவாக்குகிறது, நாற்றத்தைக் குறைக்கிறது. ஆனால் நைட்ரஜனும் பாஸ்பரஸும் எங்கும் போவதில்லை. சாணத்தில் கட்டுண்டு கிடந்த நைட்ரஜன் அம்மோனியமாகக் கரைந்து வெளியே வருகிறது. பயிருக்கு அது நல்ல உரம், தண்ணீரில் வாழும் உயிருக்கு நஞ்சு. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கலனிலிருந்து வெளியே வந்த கூழ் தொட்டி தொட்டியாகப் படிந்து, மூன்றாவது தொட்டியில் தெளிந்து நின்ற நீரை எங்கள் மீன்குட்டைக்குத் திறந்துவிட்டேன். மறுநாள் பிற்பகல் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பொழுது சாய்வதற்குள் பாதி மிதந்தன. குட்டையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தொட்டி நீரை மொண்டு வெளிச்சத்தில் பிடித்து, “தம்பி, கண்ணாடி மாதிரிதானே இருக்கு?” என்றார். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. போதாக்குறைக்கு எங்கள் குட்டையில் பாசி அதிகம். வெயில் ஏற ஏற பாசி நீரின் பி.எச். அளவை, அதாவது காரத்தன்மையை உயர்த்தும், அது உயர்ந்தால் அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறும். நீர் தெளிந்துவிட்டது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அம்மோனியத்தை, மீனுக்கு நஞ்சு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களுக்கு ஒரு கிராம் நைட்ரஜனுக்குச் சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன் தேவை. அதைக் காற்றூதி மூலம் கொடுக்கலாம், மின்சாரம் செலவாகும். இல்லையென்றால் சரளைக்கல் படுக்கையில் நாணலோ சம்போ நட்டு, நீரை மேலிருந்து விட்டு விட்டு ஊற்றலாம். ஊற்றும் இடைவெளியில் கல் இடுக்குகளில் காற்று புகுந்துகொள்ளும். எப்போதும் நீர் நிறைந்து கிடக்கும் படுக்கையில் இந்த வேலை அவ்வளவாக நடக்காது. பச்சைக் கழிவை நேரே விட்டால் கல் அடைத்துக்கொள்ளும், செடியும் கருகும். முதலில் படிவுத் தொட்டி, அப்புறம்தான் படுக்கை. நாங்கள் நட்ட முதல் வரிசை கருகிய பிறகுதான் இந்த வரிசை எங்களுக்கு மனப்பாடமானது.

ஆனால் நிலம் இருக்கிறவர் எதற்குக் காசு செலவு செய்து நைட்ரஜனை மாற்ற வேண்டும்? பயிருக்கு விடலாமே. அதற்கும் அளவு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991ஆம் ஆண்டு நைட்ரேட் விதி, மாசுக்கு இலக்காகும் பகுதிகளில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ எருவழி நைட்ரஜன் என்று வரம்பு வைத்தது. பெரிய ரகக் கறவை மாடு ஒன்று ஆண்டுக்கு 100 கிலோ அளவில் நைட்ரஜனைக் கழிக்கும். மாடு அதிகம், நிலம் கொஞ்சம் என்றால் மிச்சம் நிலத்தடி நீருக்குத்தான் போகும். அதைக் குடிப்பது நாம்தான்.

தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள்: மூடிய சாணக் குழிக்குள் யாரையும் இறக்காதீர்கள். கூழைக் கலக்கினால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை வரும். ஆபத்தான அளவை எட்டியதும் மூக்கு மரத்து, வாடையே தெரியாமல் போகும். வாடை இல்லையே என்று இறங்குகிறவர் விழுவார், தூக்கப் போகிறவரும் விழுவார்.

மாடுகளின் குளம்பு நனைக்கும் மயில்துத்தக் கரைசலையும் கலனில் ஊற்றிவிடாதீர்கள். அதில் இருக்கும் தாமிரம் நுண்ணுயிரைக் கொல்லும், மண்ணில் சேர்ந்தால் நீங்காது. எங்கள் வீட்டில் ஒருமுறை ஊற்றிவிட்டு, வாயு வராமல் வாரக்கணக்கில் காத்திருந்தோம்.

உங்களுக்கு எவ்வளவு நிலம் இருக்கிறது என்று கேள்வியில் எழுதவில்லையே? அதையும் வாளி நிரம்பும் நேரத்தையும் சொன்னால், தொட்டி அளவு என்ன இருக்கலாம் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.