பேக்கிங் போனதற்குக் கார்புரேட்டரையே மாற்றுவதா?

கேள்வி: என் 1998 மாடல் மாருதி ஜிப்சி கிங்கில் ஐடிலிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது, பெட்ரோல் வாடை வேறு. எஃப்.சி. (பதிவைப் புதுப்பிக்கும்போது நடக்கும் தகுதிச் சோதனை) நெருங்குகிறது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரையே மாற்றினால்தான் புகைச் சோதனையில் தேறும் என்கிறார் ஏஜென்ட். மாற்றலாமா?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: வேண்டாம். முதலில் பேக்கிங்கை, அதாவது இணைப்பில் கசிவில்லாமல் இருக்க வைக்கும் மெல்லிய தகட்டைப் பாருங்கள். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் (கலவையை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் குழாய்) நடுவில் இருக்கும் பேக்கிங் காய்ந்துவிட்டால் அந்தச் சந்தில் வெளிக்காற்று புகும், ஐடிலிங் ஆடும். மேல்மூடி பேக்கிங் போனால் வாடை வரும். எஞ்சின் ஓடும்போது அடிப்பக்க இணைப்பில் தண்ணீரைப் புகைபோலத் தெளியுங்கள். சத்தம் மாறினால் காற்று அங்கேதான் இழுக்கிறது. பெட்ரோல் சொட்டுகிறதென்றால் சோதனையே வேண்டாம், வண்டியைத் தொடாதீர்கள்.

ரிப்பேர் கிட் வாங்கும்போது பழைய பேக்கிங்கைக் கையோடு கொண்டுபோய், துளைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஒரு துளை மறைந்தாலும் வேண்டாம். பம்ப் டயாபிரத்தையும் (பெட்ரோலைத் தள்ளும் ரப்பர் சவ்வு) மாற்றிவிடுங்கள். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது.

சிலிகான் பசை தடவ யாரையும் விடாதீர்கள். பெட்ரோல் பட்டதும் அது ஊறி உரியும். அமிர்தி பக்கத்திலிருந்து வந்த ஒரு வண்டியின் ஸ்லோ ஜெட்டில் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) ஊசிமுனை அளவு பசைத் துணுக்கு அடைத்திருந்தது. அது தெரிவதற்குள் வண்டிக்காரர் மூன்று பட்டறை ஏறி இறங்கியிருந்தார். நட்டுகளை முரட்டுத்தனமாக முறுக்கவும் கூடாது. அடித்தட்டு வளைந்தால் எந்தப் பேக்கிங்கும் நிற்காது.

ஏஜென்ட் சொல்லும் புகைச் சோதனையில் உங்கள் மாடலுக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம். ஒழுங்காக டியூன் செய்த பழைய கார்புரேட்டரே தேறிவிடும். ‘புதுசு’ என்று அவர் நீட்டுவது பெரும்பாலும் பாலீஷ் போட்ட பழசு. 20 வயது தாண்டிய காருக்குப் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025இல் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கிவிட்டார்கள். வயதைப் பார்த்துப் பணம் வாங்குகிறார்களே தவிர, பானட்டைத் திறந்து வண்டியைப் பார்க்கிறவர் யார்?

பேக்கிங் மட்டும் மாற்றினால் போதாத நிலை ஒன்றே ஒன்று உண்டு. கார்புரேட்டரைக் கழற்றியதும் திராட்டில் ஷாஃப்டை (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திரும்பும் கம்பி) பிடித்து ஆட்டுங்கள். ரிட்டர்ன் ஸ்பிரிங்கை விடுவித்துவிட்டு ஆட்ட வேண்டும். ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருந்தால் ஆட்டம் தெரியாது. நீளவாக்கில் துளி அசைவது இயல்பு. மேலும் கீழும் ஆடினால் ஷாஃப்ட் உட்காரும் துளை தேய்ந்திருக்கிறது, காற்று அந்த வழியாகவும் புகும். அப்போது புதுப் பேக்கிங் போட்டும் ஐடிலிங் சீராக நிற்காது. ஏஜென்ட் ‘நான் அப்போதே சொன்னேனே’ என்பார். அதற்கும் முழு கார்புரேட்டர் தேவையில்லை. கைதேர்ந்த லேத்காரரிடம் கொடுத்து, தேய்ந்த துளைக்குள் புஷ் (சிறு உலோக வளையம்) போட்டால் போதும்.